குளியலறையில் மீன் இருக்கலாம், வயர் இருக்கக் கூடாது

எங்கள் வீதியில் மாலை நேரத்தில் திண்ணையில் கூடும் கிழவர்கள் நாலைந்து பேருக்குள் ஒரு வாரமாக ஒரே வழக்கு. எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது, மகன் பிரான்சில். இரண்டு அறை கொண்ட அடுக்ககத்தில் தனியாக இருக்கிறார். ஒரு சின்ன மீன் தொட்டி வைக்க ஆசை. கூடத்தில் இடமில்லை, படுக்கையறையில் ஏர் பம்ப் சத்தம் ஆகாது என்கிறார். மிச்சம் இருப்பது குளியலறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலை.

"குளிக்கிற இடத்தில் மீனா, அசிங்கம்" என்றார் ஒருவர். "ஷாக் அடித்துப் போய்ச் சேருவீர்" என்றார் இன்னொருவர். வீட்டுக்கு வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் பையனோ, "அதுக்கென்ன தாத்தா, கீசர் பிளக்கிலிருந்து ஒரு வயர் இழுத்துட்டா முடிஞ்சுது" என்றானாம். முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னது பாதி சரி. மூன்றாமவன் சொன்னதை யாராவது செய்துவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அசிங்கம் என்ற பேச்சு. நம் தலைமுறையில் பாதிப் பேர் மீனுக்குப் பக்கத்தில் குளித்து வளர்ந்தவர்கள்தான். தமிழர் பகுதியில் பழைய வீடுகளுக்குப் பின்கட்டில் கிணறு இருக்கும். அதையொட்டித் துவைகல், குளிக்கிற இடம். கிணற்றில் கெண்டையோ விராலோ விட்டிருப்பார்கள். கொசுப் புழுவைத் தின்னும் என்று பாட்டி சொல்வார். யானைக்கால் நோய் மலிந்திருந்த ஊர் இது. 1975-ல் இங்கே கொசு ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு ஒரு மையத்தை வைத்தது. கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி மீன் விடுவது நமக்குப் புதிதல்ல. மேலே நாம் குளிப்போம், கீழே அது பாட்டுக்கு இருக்கும். அந்தக் கிணற்றடிதான் இன்றைக்கு டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. மீனை மட்டும் வெளியே விட்டுவிட்டோம்.

ஆனால் அந்தக் கிணற்றில் மூன்று சங்கதி இருந்தது. வெயில் நேரே விழாது, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். சோப்பு நுரை உள்ளே போகாமல் மேடை கட்டியிருப்பார்கள். முக்கியமாக, அதில் மின்சாரம் கிடையாது. என் கட்சி இவ்வளவுதான்: இந்த மூன்றையும் குளியலறையில் கொண்டுவர முடிந்தால் மீன் வையுங்கள். முடியாவிட்டால் பேரப்பிள்ளை அனுப்பும் வீடியோவில் மீன் பாருங்கள்.

குளியலறைக்குச் சாதகமாகவும் சொல்ல இருக்கிறது. மீன் வளர்ப்பு என்பது உண்மையில் தண்ணீர் மாற்றும் வேலை. 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள சின்னத் தொட்டியே விளிம்புவரை 40 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை அதில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கூடத்தில் தொட்டி இருந்தால், எழுபத்தைந்து வயசில், பத்துக் கிலோ வாளியைத் தூக்கிக்கொண்டு வழவழத் தரையில் தளும்பத் தளும்ப நடக்க வேண்டும். குளியலறையில் குழாயும் சாக்கடைத் துளையும் கைக்கெட்டும் தூரத்தில். சிந்தினாலும் கவலையில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி மின்சாரம். நான் வேலை பார்த்த காலத்தில் விபத்து நிவாரணக் கோப்புகள் என் மேசை வழியாகப் போகும். குறிப்பு எழுதி மேலே அனுப்புவதுதான் என் வேலை. "ஈரக் கையுடன்" என்ற சொல் அவற்றில் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைத்ததில்லை. கோப்பில் அது ஒரு சொல்தான். வெளியே நாற்காலியில் மனுவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம்தான் கோப்பில் ஏறாதது.

"குளியலறையில் ஏற்கெனவே கீசர் இருக்கிறதே, அது மின்சாரம் இல்லையா?" என்று திண்ணையில் கேட்டார்கள். நல்ல கேள்வி. கீசர் தலைக்கு மேலே சுவரில் பிணைத்தது, எர்த் கொடுத்தது, அதற்குள் யாரும் கை விடுவதில்லை. மீன் தொட்டிக்குள் தினமும் கை விடுவோம். வெறுங்காலில், ஈரத் தரையில் நின்றுகொண்டு விடுவோம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு மலிவு மோட்டாரில் உறை விரிசல் விட்டால், அந்தத் தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே பாலமாக நிற்பது நாம்தான். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, தானாக விழுந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்கு மேலே போனால்தான் அசையும். ஆளைக் காக்கிற ஆர்.சி.சி.பி. என்ற கருவி (பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள்) 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம். இது வீட்டுப் பலகையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் கரண்ட் போக வேண்டும். போகவில்லையென்றால் மீனை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பிரான்சில் இதற்குத் தனி விதிநூலே உண்டு. என்.எஃப். சே 15-100 என்று பெயர். குளியலறையை அது 'வொலூய்ம்', அதாவது கன அளவுகளாகப் பிரிக்கிறது. குளியல் தொட்டிக்குள், அதற்கு மேலே, அதன் ஓரத்திலிருந்து 60 செ.மீ. வரை என்று வட்டம் வட்டமாக. அந்த 60 செ.மீ.க்குள் சாதாரண பிளக் கூடாது. அதைத் தாண்டினாலும் 30 மில்லி ஆம்பியர் காவலோடுதான். நம் ஊரில் பிள்ளைகளைப் பார்க்கப் பாரீசு போய் வந்தவர்கள் "அங்கே பாத்ரூமில் பிளக் இருக்கிறது, இங்கே ஏன் கூடாது" என்பார்கள். அங்கே திரை மறைவில் ஷவரில் நின்று குளிக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும். நாம் வாளியும் குவளையுமாகக் குளிக்கிறவர்கள். தலையில் ஊற்றும் தண்ணீர் நாலு சுவரிலும் தெறிக்கிறது. நம் குளியலறை முழுக்கவே ஒரே வொலூய்ம்.

ஆகவே வழி? மோட்டாரை வெளியே வையுங்கள். ஏர் பம்ப் என்பது காற்றைத் தள்ளும் பெட்டி, அவ்வளவே. அது தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், நடையிலோ கூடத்திலோ, உயரமான தட்டில் பம்பை வைத்து, அங்கேயே இருக்கும் பிளக்கில் செருகி, விரல் தடிமன்கூட இல்லாத காற்றுக் குழாயை மட்டும் வென்டிலேட்டர் வழியே உள்ளே விட்டால் போதும். குழாய் முனையில் ஒரு ஸ்பாஞ்சு பில்டர். காற்று ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்யும். உள்ளே வருவது வெறும் காற்று. பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போய்விடும். ஒருவழி வால்வு என்று சின்னதாக ஒன்று விற்கிறார்கள், மிகக் குறைந்த விலை, அதையும் நடுவில் மாட்டிவிடுங்கள். ஹீட்டர் தேவையே இல்லை. புதுச்சேரியில் மார்கழிக் குளிர் மீனை ஒன்றும் செய்யாது. வெளிச்சத்துக்கு ஜன்னல் இருக்கிறது.

மின்சாரமே இல்லாமல் மீன் தொட்டியா என்று சிரிக்க வேண்டாம். தொட்டி தோன்றியதே அப்படித்தான். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் த் ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் படிப்பது. பூ, உப்பு, நத்தை எல்லாம் வகுப்புக்கு வரும். இந்த வழியை மெய்யாகவே கடைப்பிடித்த ஒரு பெண் ழான் வில்ப்ரே-பவர். (துய்மா வீதியில் மாதா கோயிலுக்கு எதிரே சிலையாக நிற்கும் ழான் தார்க்கின் பெயர்தான் இவருக்கும்.) பாரீசில் தையல்காரியாக இருந்து, ஓர் ஆங்கில வணிகரை மணந்து, சிசிலித் தீவில் மெசினாவில் குடியேறியவர். ஆர்கோநாட் என்ற கடல் உயிர் தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறு பிராணியிடம் திருடுகிறதா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து பார்த்தார். தானே செய்துகொள்கிறது என்று நிரூபித்தார். பிறகு 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர், மீனோடு வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வாழும் என்று காட்டினார். வீடுகளுக்கு மின்விளக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால்.

இனி, மின்சாரத்தைவிடவும் நான் அஞ்சுகிற ஒன்று. நம் வயசில் குளியலறையில் கால் வழுக்குவது சகஜம். வழுக்குகிறவன் யோசித்துப் பிடிப்பதில்லை, கைக்கு எட்டுவதைப் பிடிக்கிறான். இடுப்பு உயரத்தில் இருக்கும் எதுவும் அந்த ஒரு நொடியில் கைப்பிடி ஆகிவிடும். துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து அதோடு சேர்ந்து விழுந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே, முதல் செலவு மீனுக்கல்ல. சுவரில் திருகி இறுக்கிய எஃகுக் கைப்பிடி இரண்டு: ஒன்று கழிப்பிடத்தின் பக்கம், ஒன்று குளிக்கும் இடத்தில். வழுக்காத பாய் ஒன்று. தொட்டி வைக்கும் மூலை, கதவிலிருந்து குளிக்கும் இடத்துக்கு நடக்கும் பாதையில் இருக்கக் கூடாது. குளிக்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டவும் கூடாது. உங்கள் குளியலறை அவ்வளவு பெரிதில்லை என்றால், விட்டுவிடுங்கள். ஆசிரியரிடமும் இதைத்தான் சொன்னேன். நல்லவேளையாக அவருடைய குளியலறை பழைய மாதிரி, நீளமானது.

தொட்டியின் எடையை யாரும் நினைப்பதில்லை. 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 55, 60 கிலோவுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைக்கிற சரக்கல்ல. இரும்பு ஸ்டாண்டு ஈரத்தில் ஓரிரு வருஷத்தில் அடியிலிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே. கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டு செங்கல் கால் கட்டி, மேலே கடப்பைக் கல் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் போதும். கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மோகோல் தகடு ஒன்று. இல்லாவிட்டால் ஒரு மணல் துணுக்கு அடியில் மாட்டினாலே கண்ணாடி விரிசல் விடும்.

அடுத்தது குளியலறைக்கே உரிய விஷங்கள். கழிப்பறை கழுவும் அமிலம், பினாயில், பிளீச்சிங் பவுடர், கதவுக்குப் பின்னால் தொங்கும் வாசனைக் கட்டி, நாப்தலின் உருண்டை. (அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எழும் குளோரின் வாயு மீனை மட்டுமல்ல, மூடிய அறையில் ஆளையே சாய்க்கும்.) எல்லாவற்றையும்விடக் கொசு மருந்துதான் மோசம். நமக்கு இருமல்கூட வராத அளவு பைரித்ராய்டு மருந்து மீனுக்கு எமன். ஏர் பம்பை வெளியே வைக்கச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பக்கத்தில் கொசு விரட்டி செருகினீர்கள் என்றால் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் கொண்டுபோய்க் குமிழியாக விடும். வேறு அறையில் செருகுங்கள். தொட்டிக்குக் கண்ணாடி மூடி அவசியம். பவுடர், சோப்பு நுரை, ஷாம்பு எதுவும் உள்ளே போகாது. வெஸ்டர்ன் கழிப்பிடம் அதே அறையில் இருந்தால் மூடியைச் சாத்திவிட்டு பிளஷ் செய்யுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீரில் நம் கையையே வைக்க முடியாது. அதை நேரே தொட்டியில் திருப்பிவிட்டால் மீன் குழம்பு ஆகிவிடும். முதல் நாளே ஒரு வாளியில் பிடித்து மூடாமல் வைத்துவிடுங்கள். சூடும் ஆறும், குளோரினும் பறக்கும். அந்த வாளி மீனுக்கென்றே இருக்கட்டும், சோப்புத் தண்ணீர் கண்டிராத வாளி.

கடைக்காரர்கள் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பார்கள். அவர்கள் பிழைப்பு அது. ஆனால் புதுத் தண்ணீரில் மீனின் கழிவு அம்மோனியாவாகத் தங்கிவிடும். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதலில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை செடியை நட்டு, சிட்டிகைத் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். ஓய்வூதியக்காரனுக்கு ஆறு வாரம் என்ன பெரிய காலம். நிலுவைத் தொகைக்கு நாம் காத்திருக்காததா.

எந்த மீன்? கோல்டுபிஷ் வேண்டாம். பிரெஞ்சில் அதைச் 'சிவப்பு மீன்' என்பார்கள், நாம் தங்கமீன் என்கிறோம், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது சாண் நீளம் வளரும், வளர்ந்த அளவுக்கு அழுக்கும் செய்யும். உருண்டைக் கிண்ணத்தில் அதைப் போட்டு வைப்பது எனக்குப் பார்க்கவே பிடிக்காது. ரோமாபுரி நகரசபை 2005-ல் அந்தக் கிண்ணத்தையே தடை செய்தது. 40 லிட்டருக்குக் கப்பி ஆண் மீன் ஆறு போதும். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் மூன்று மாதத்தில் மாநாடு கூடிவிடும். நம் ஊர்க் கடினத் தண்ணீர் கப்பிக்குப் பிடிக்கும். அல்லது ஃபைட்டர் ஒன்றே ஒன்று, தனியாக. அதற்கு மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி உறுப்பு உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டோர்ஃப் என்ற அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-ல் லண்டனில் வெளியாயிற்று. இன்றைக்கும் நம்பாதவர்கள் உண்டு. எப்படியோ, கரண்ட் போனால் ஃபைட்டருக்குக் கவலையில்லை. 2011-ல் தானே புயலுக்குப் பிறகு இங்கே எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

சர்க்கரை நோய்க்காரர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படியுங்கள். கையில் வெட்டுக் காயமோ நகக்கண்ணில் புண்ணோ இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயத்தில் நுழைந்தால், வாரக்கணக்கில் கழித்து ஆறாத கட்டியாக எழும்பும். மருத்துவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் இறக்க ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் அடைத்து இறக்கினால் தானே ஓடும். வடிக்கிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் துளசிக்கு ஊற்றுங்கள், செழிக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நன்றாக இருக்கும் வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். பக்கத்து வீட்டுப் பையன் பாசத்தோடு ஒரு டப்பா தீனியைக் கொட்டினால் தாங்காது. மீந்த தீனி அழுகி இரண்டு நாளில் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். சாவியைக் கொடுக்கும்போதே, விபூதிப் பொட்டலம் மடிப்பதுபோல ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தீனியை மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.